மறிக்கவென்றே ஒரு விமானம்

திரை விலகியதும் மண்டபம் கைதட்டியது.

ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் பகுதியில் வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூட மண்டபம் அது. இலையுதிர்காலச் சனிக்கிழமை. வெளியே மழை. உள்ளே ஈர ஜக்கெட்டுகளின் மணமும், பின்னறையில் ரோல்ஸ் பொரிக்கும் எண்ணெய் மணமும் கலந்து நின்றன. முன்வரிசையில் குணமண்ணை. அவருக்கு இடப்பக்கம் மனைவி வசந்தியக்கா. வலப்பக்கம் நான்.

மேடையின் பின்சுவர் முழுவதையும் மறைத்துக்கொண்டு ஒரு பதாகை தொங்கியது. அதில் நீல வானத்தில் ஒரு ஜெட் விமானம் பக்கவாட்டில் சரிந்து நின்றது. முக்கோணச் சிறகு, ஊசி மூக்கு. கீழே பெரிய எழுத்தில், ‘வானை வென்ற எங்கள் மகள் கயல்விழி குணரத்தினம்.’

“எப்பிடி? நானே கொம்ப்யூட்டரிலை தேடி எடுத்த படம்,” என்று சங்கச் செயலாளர் செல்வா மேடைப்படியில் நின்று எங்களைப் பார்த்துச் சொன்னார்.

நானும் கைதட்டினேன். என் வாழ்க்கையின் பெரும்பாலான பிழைகளைப் போலவே இதையும் பலரோடு சேர்ந்துதான் செய்தேன்.

குணமண்ணை மட்டும் தட்டவில்லை. இரண்டு கைகளும் முழங்காலில் கிடந்தன. வருத்தக்காரர், நோயாளி, கை தூக்கக் களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தவறான காரணத்தை மிக விரைவாகக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன்.

போன இரண்டு வாரமும் இந்தப் பத்தியில் நான் பனிச்சறுக்குப் பழகிய கதையை வாசித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். என் இடுப்பெலும்பைப் பற்றிக் கவலையோடு விசாரித்தவர்களும் உண்டு. அது நலம். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. இருக்கிற கொஞ்சத்தையும் நானே தேடித் தேடித்தான் வைத்திருக்கிறேன்.

கதைக்காத வீடு

குணமண்ணை எனக்குப் பத்து வயது மூப்பு. உறவில்லை, அயல். உறவைத் தவிர்க்கலாம், அயலைத் தவிர்க்க முடியாது.

யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனபோது, ஒருவர் இரங்கிக் கொடுத்த காணித்துண்டில் இரண்டு கொட்டில்கள் போட்டோம். ஒன்றில் குணமண்ணையும் வசந்தியக்காவும் அவர்களுடைய நாலு வயது மகன் கண்ணனும். மற்றதில் நானும் என் புத்தகங்களும். அந்தப் புத்தகங்களைக் கறையான் என்னைவிட ஆழமாக வாசித்தது.

கண்ணன் அங்கே விமானக் குண்டில் செத்துப்போனான். நான் அந்த நேரம் சந்தையில். வசந்தியக்கா கிணற்றடியில். வீட்டில் நின்றவர் குணமண்ணை மட்டும். அந்த நாளைப் பற்றி அவர் எவரிடமும் ஒரு சொல் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. எங்கள் ஆட்களிடையே கேட்காமல் விடுவது ஒரு மரியாதை. சில வேளை சோம்பலுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிடுகிறோம்.

பிறகு நோர்வே. முதலில் அவர்கள், பின்னால் நான். அவர் ஒரு பெரிய சலவைத் தொழிற்கூடத்தில் வேலை செய்தார். நான் இன்றுவரை பஸ் ஓட்டுகிறேன். மகள் கயல் ஒஸ்லோவில் பிறந்தாள். ஹொல்ம்லியாவில் நாலாம் மாடி வீடு. வரவேற்பறைச் சுவரில் மாலை போட்ட கண்ணனின் படம். அவள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க எட்டாத வயதில், அதன் கீழிருந்த சுவரைப் பிடித்து நடை பழகினாள்.

பல்கனியில் நின்று, போகிற விமானத்தைக் காட்டி, “அங்கை பாருங்கோ அப்பா, வடிவா இருக்கு,” என்பாள். அவர் பிள்ளையைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்துவார். தடிமன் பிடிக்கும் என்பார். நடுக் கோடையிலும் தடிமன் பிடிக்கும் என்பார்.

கயல் படித்து என்ஜினியரானாள். எண்ணெய்க் கம்பனி ஒன்றில் வேலை. எங்கள் ஆட்களுக்கு எண்ணெய்க் கம்பனி என்றால் கோயிலில் கொடியேற்றின மாதிரி. மூன்று வீட்டிலிருந்து சம்பந்தம் பேசி வந்தார்கள். அவளோ அந்த வேலையை விட்டுவிட்டு, பழைய போர்விமானம் ஒன்றைத் திருத்தும் கொட்டகையில் போய்ச் சேர்ந்தாள். சம்பந்தங்கள் நின்றன. தகப்பனும் நின்றுவிட்டார். மகளோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

வீட்டில் சண்டை இல்லை. சண்டை என்றால் சத்தம் கேட்குமே. அவள் வந்தால் அவர் அறைக்குள் போய்விடுவார். வெளியே இருக்க நேர்ந்தால், மகள் முன்னால் இருக்கும்போதே மனைவியிடம், “அவவைச் சாப்பிடச் சொல்லு,” என்பார். வசந்தியக்கா ஒரு முழம் தூரத்தில் இருக்கும் மகளுக்கு அதைத் திருப்பிச் சொல்லுவா. இப்படி ஏறக்குறைய இரண்டு வருஷம்.

அதற்குள் அவருடைய நுரையீரலில் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். இங்கே வைத்தியர்கள் ஒளிக்கமாட்டார்கள். அடுத்த கோடையை நம்பி ஒன்றும் ஒழுங்கு செய்ய வேண்டாம் என்று நேராகவே சொன்னார்கள். அவர் அதற்கு நன்றி சொல்லிக் கைகுலுக்கிவிட்டு வந்தார்.

கயல் என் பஸ்ஸில் ஒருநாள் ஏறி, கடைசித் தரிப்பு வரைக்கும் இறங்காமல் இருந்தாள். எல்லோரும் இறங்கிய பிறகு முன்னால் வந்தாள்.

“மாமா, அப்பா என்னோடை கதைக்காமலே செத்துப்போடுவாரோ?”

நோர்வேயில் பிறந்த பிள்ளைகள் இப்படித்தான் கேட்பார்கள். எங்களுக்கு இந்தக் கேள்விக்கு வர அரை மணித்தியாலமும் இரண்டு பிளேன்டீயும் தேவைப்படும்.

“போடமாட்டார் பிள்ளை,” என்றேன். எனக்குத் தெரியாது.

குணமண்ணை போன சித்திரையில் காலமானார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. கயலுக்குத் தமிழ் நன்றாகக் கதைக்க வரும், வாசிக்க வராது. மொழிபெயர்க்க மெஷின் இருக்கிறதே என்பீர்கள். என் எழுத்தை ஒருமுறை அதற்குள் போட்டுப் பார்த்தேன். மீன்குழம்புச் செய்முறை வந்தது.

இரண்டில் ஒன்று

அவள் திருத்திய விமானத்தை நான் முதலிலேயே போய்ப் பார்த்திருந்தேன். ஒஸ்லோவுக்கு வடக்கே ஒரு பழைய விமானக் கொட்டகை. தகரமும் மசகும் ஆறிப்போன கோப்பியும் மணத்தன. நடுவிலே, பெயின்ற் எல்லாம் சுரண்டி எடுத்த நிலையில், உரித்த கோழி மாதிரி அது நின்றது.

ஜெட் விமானங்கள் உலகத்துக்குப் புதிதாக இருந்த காலத்தில் செய்தது. எந்த நாடு என்று எழுத வேண்டாமாம், சொந்தக்காரருக்குக் கூச்சமாம். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. ஓர் எழுத்தும் சில இலக்கங்களும்தான். பரிசோதனைக்கென்று இரண்டு செய்தார்கள். ஒன்று ஓட்டியவரோடு சேர்ந்து ஒரு கோதுமை வயலுக்குள் போய் விழுந்தது. மற்றதைப் பயந்து நிறுத்திவிட்டார்கள். அதற்குள் ஏவுகணை வந்துவிட்டது. இனி ஆள் மேலே போய்ச் சாகத் தேவையில்லை, கீழே இருந்தே அலுவல் பார்க்கலாம் என்று முழுத் திட்டத்தையும் மூடினார்கள்.

வால் பக்கத்தில், ஜெட் எஞ்சினுக்குக் கீழே, இன்னொரு சின்னக் குழாய் தெரிந்தது.

“இது என்ன பிள்ளை?”

“ரொக்கெட், மாமா. கெதியாய் மேலை ஏறுறதுக்கு. இதுக்கு வேறை வேலை இல்லை. ஏறுறது, குண்டு போட வாற பிளேனை மறிக்கிறது, எண்ணெய் முடிய இறங்குறது. அவ்வளவுதான்.”

“இது குண்டு போடாதோ?”

“கொண்டுபோக இடமே இல்லை. கீழை இருக்கிற ஆக்களை இதாலை ஒண்டும் செய்யேலாது. மேலை இருக்கிறவனோடைதான் இதுக்குக் கோபம். இக்கெ சன்ட்?”

‘இல்லையா’ என்பதை அவள் எப்போதும் நோர்வேஜியத்தில்தான் கேட்பாள். நான் தலையாட்டினேன்.

“ஆனா ஒண்டு மாமா. ஆராவது முதல் கண்டு சொல்லோணும். ரேடாரிலை இருக்கிறவன் கண்டு சொன்னால்தான் இது எழும்பும். அவன் பிந்தினால் இது வெறும் தகரம்.”

ஏணியில் ஏறி விமானி இருக்கும் இடத்தை எட்டிப் பார்த்தேன். ஒரு மனிதனை மடித்து வைக்கும் அளவு. நான் ஓட்டுகிற பஸ்ஸில் இதைவிடப் பொத்தான்கள் கூட.

“எத்தினையோ பிளேன் இருக்க, நீ ஏன் பிள்ளை இதிலை வந்து பிடிச்சனி?”

அவள் ஒரு துணியை எடுத்துச் சிறகின் விளிம்பைத் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்த இடம்.

“யோப் தானே மாமா,” என்றாள். வேலைதானே என்று அர்த்தம். வீட்டுச் சுவரில் மாலையோடு ஒரு அண்ணன் இருக்கிறான் என்பது எனக்கும் ஞாபகம் வந்தது. நான் கேட்கவில்லை. அதுதான் சொன்னேனே, மரியாதை.

ட்வெய்ட்டாவில் ஒரு கோப்பி

வேலை முடிந்து, விமானம் காட்சிக்குத் தயாரானபோது நோர்வேப் பத்திரிகை ஒன்றில் கயலின் படம் வந்தது. எங்கள் ஆட்களுக்கு நோர்வேப் பத்திரிகையில் படம் வந்தால் எல்லாப் பாவமும் தீர்ந்துவிடும். சங்கம் உடனே மதிப்பளிப்பு நிகழ்வு வைக்கத் தீர்மானித்தது. பெற்றோர் மேடையில் பொன்னாடை போர்த்த வேண்டும்.

“அப்பா வராட்டி நான் போகமாட்டன்,” என்றாள் கயல்.

அவரைக் கூட்டிவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் அவரைப் பிடித்தேன். வைத்தியரிடம் போய்வந்து, ஒரு நீண்ட மர வாங்கில் இருந்தார். கோட் அவருக்குப் பெருத்திருந்தது. கோட் அதே கோட்தான். கடதாசிக் கோப்பையைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

“குணமண்ணை, சனிக்கிழமை வரோணும்.”

“ஏலாது.”

“பிள்ளைக்கு ஆசை.”

“பிள்ளைக்கு அண்ணனைத் தின்னதிலைதான் ஆசை.”

“அது குண்டு போடுற பிளேன் இல்லையண்ணை.”

“டேய், நீ பஸ் ஓட்டுறனி. பிளேன் எண்டால் பிளேன்தான்.”

“குண்டு போட வாறதை மேலை போய் மறிக்கிறது. அதுக்கெண்டு மட்டும் செய்தது. குண்டு வைக்க அதிலை இடமே இல்லை. நான் ஏறிப் பார்த்தனான்.”

அவர் கோப்பையைப் பக்கத்தில் வைத்தார். முன்னால் ஒரு தாய் தள்ளுவண்டியோடு போனா. குழந்தை தன் சப்பாத்தை எறிந்தது, தாய் எடுத்தா, திரும்ப எறிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மறிக்கவெண்டே ஒண்டு செய்தவங்களோ?”

“ஓம்.”

“ஆற்றை ஊருக்கு மேலை மறிக்க?”

“செய்தவன்ரை ஊருக்கு மேலை.”

“ம்,” என்றார். பிறகு, “எங்களுக்கு மேலை ஒண்டும் வரேல்லை.”

“வரேல்லை அண்ணை.”

“நாங்கள் உதைக் கேள்விப்படவும் இல்லை. குண்டு போடுறது மட்டும்தான் பறக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறம்.”

நான் ஏதோ ஒரு பகிடி விட நினைத்தேன். பகிடி வரவில்லை. என் எழுத்துத் தொழிலில் இப்படி நடப்பது அபூர்வம்.

“வாறன்,” என்றார். “வெள்ளைச் சேட் ஒண்டு ஸ்திரிக்கை போடச் சொல்லு வசந்திக்கு.”

அவருடைய வீட்டுக்கு அவர்தான் போகிறார், நான் ஹொல்ம்லியாவுக்கு எதிர்ப்பக்கம். ஆனாலும் வீதியில் நின்று வசந்தியக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.  “எந்தச் சேட்?” என்று அழுதுகொண்டு கேட்டா.

எறும்பைப் பார்த்தவர்கள்

இனிச் செல்வாவின் பதாகைக்கு வரவேண்டும். அதற்கு முன் ஒரு விஷயம்.

கிபிர் என்பது வன்னியில் எங்கள் மேல் குண்டு போட்ட ஜெட் விமானம். அது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் பாடமாக்கியிருந்தார்கள். பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள் இறங்கு. பங்கர் இல்லையென்றால் நின்ற இடத்தில் குப்புறப் படு. முழங்கையை ஊன்று, நெஞ்சு நிலத்தில் முட்டக்கூடாது. காதைப் பொத்து. வாயைத் திற. இல்லாவிட்டால் காது வெடிக்கும்.

என்னுடைய முதல் படுக்கை சந்தை வீதியோரம், பச்சைச் சாணகத்தின் மேல். வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் குப்புறக் கிடந்த ஒரு மனுஷி, அவவும் வாயைத் திறந்தபடியே, “தம்பி, ஒரு முழம் இங்காலை படுத்திருக்கலாமே,” என்றா. குண்டு விழுந்தது. எழும்பினோம். எழும்பாதவர்களும் இருந்தார்கள்.

அந்த விமானம் எத்தனையோ தடவை என் தலைக்கு மேலே வந்தது. நான் ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை. சீலையைக் கிழிக்கிற மாதிரி அதன் சத்தம் தெரியும். மண்ணின் மணம் தெரியும். எறும்பின் முகம் மிக நன்றாகத் தெரியும். கிபிர் எப்படி இருக்கும் என்று கேட்டால் தெரியாது.

செல்வா இதெல்லாம் நடக்க முன்பே படிக்கவென்று ஒஸ்லோவுக்கு வந்தவர். முக்கோணச் சிறகு வைத்த ஜெட் என்று கொம்ப்யூட்டரில் தேடியிருக்கிறார். கயலின் விமானத்துக்கு இருந்ததே இரண்டு மங்கிய படங்கள்தான். வந்த படங்களில் மிக வடிவானதை எடுத்து, சுவரளவுக்கு அச்சடித்துவிட்டார். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எல்லா ஜெட்டும் ஒன்று. கண்டிருக்க வேண்டிய நாங்கள் எறும்பைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்கள்.

மேடையில் தொங்கியது கிபிர்.

அகவணக்கம்

எங்கள் நிகழ்வு எதுவானாலும் முதலில் அகவணக்கம். போரில் இறந்த எல்லோரையும் நினைத்து ஒரு நிமிடம் எழுந்து நிற்பது. செல்வா ஒலிவாங்கியில் சொன்னார். கதிரைகள் தரையில் உராய்ந்தன. மண்டபம் எழுந்தது. எல்லாத் தலையும் குனிந்தது.

அந்தப் பதாகைக்கு முன்னால்தான் குனிந்தது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். அகவணக்கத்தில் அரைக்கண்ணால் மற்றவர்களைப் பார்ப்பேன். அன்றும் பார்த்தேன். குணமண்ணையின் தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. இரண்டு கையாலும் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, பதாகையை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் இமைக்கவில்லை.

எல்லோரும் திரும்பக் கதிரையில் இருந்த பிறகு என் பக்கம் சரிந்தார்.

“தம்பி, உது கிபிர்.”

“இல்லையண்ணை. அதுதான் பிள்ளையின்ரை பிளேன். மறிக்கிற பிளேன்.”

“உது கிபிரடா.”

ஆஸ்பத்திரியில் கதைக்கிற குரலில் சொன்னார்.  அவர் பிழையாகச் சொல்கிறார் என்று இன்னும் நினைத்தேன். அதற்குள் செல்வா, “கயல்விழியின் அன்புப் பெற்றோரை மேடைக்கு அழைக்கிறோம்!” என்றார். வசந்தியக்காவுக்கு மேடைக் கூச்சம், வரமாட்டேன் என்று கதிரையைப் பிடித்துக்கொண்டா. அவர் எழுந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். கத்தப் போகிறார், அல்லது பதாகையைப் பிடித்து இழுக்கப் போகிறார் என்று நினைத்தேன். நாலு படி ஏற இரண்டு இடத்தில் நின்று மூச்செடுத்தார்.

கயல் மறுபக்கத்தால் வந்தாள். சேலையில் நடக்கத் தெரியாத நடை. பக்கவாசலில் நின்றதால் அவள் அதுவரை பதாகையைக் காணவில்லை. நடுமேடைக்கு வந்து திரும்பினாள். அப்படியே நின்றாள். 

“அப்பா, உது என்ரை இல்லை. சத்தியமா இல்லை. படம் பிழை. உது வேறை, உது…”

நிறுத்திவிட்டாள்.

“சொல்லு,” என்றார் அவர்.

“கிபிர்.”

“ஓம்.”

இரண்டு வருஷத்துக்குப் பிறகு தகப்பனும் மகளும் கதைத்தது இதுதான். அந்த மண்டபத்தில் அந்த விமானத்தை அடையாளம் கண்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி படித்தவள்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும் அப்பா? எல்லாரும் குப்புறக் கிடந்ததெண்டுதானே அம்மா சொன்னவ.”

“நான் கிடக்கேல்லை.”

“தந்தையார் இப்போது தன் அருமை மகளுக்குப் பொன்னாடை போர்த்துவார்! பலத்த கரகோஷம்!” என்றார் செல்வா.

அவர் போர்த்தினார்.  கிபிருக்குக் கீழே தகப்பனையும் மகளையும் நிறுத்தி ஒருவர் படம் எடுத்தார். “கொஞ்சம் சிரியுங்கோ ஐயா,” என்றார்.

சின்னக் கதிரைகள்

மேடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறை. சுவரெல்லாம் பிள்ளைகள் ஒட்டிய மேப்பிள் இலைகள். கதிரைகள் ஆறு வயதுக்கு அளவானவை. குணமண்ணை அப்படி ஒன்றில் இருந்தார், முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. கயல் அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். நான் வெளியே போகத் திரும்பினேன்.

“நீயும் இரு,” என்றார். இருந்தேன். மண்டபத்தில் யாரோ பாடத் தொடங்கியிருந்தார்கள்.

“வானம் அண்டைக்கு நல்ல நீலம்,” என்றார் அவர். “சத்தம் ஒண்டும் இல்லை. நான் வாசலடியிலை நிண்டு சும்மா நிமிர்ந்தனான். கோயில் பக்கமா வந்தது. வந்து, உந்தப் படத்திலை மாதிரித்தான், ஒருக்களிச்சுத் திரும்பினது. செட்டையிலை வெயில் பட்டது.”

நிறுத்தினார். மூச்சு விசிலடித்தது.

“வடிவாய் இருந்தது பிள்ளை.”

கயல் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நெருங்கி இருந்தாள்.

“என்ரை வாழ்க்கையிலை அப்பிடி வடிவான சாமான் நான் காணேல்லை. வாயைப் பிளந்துகொண்டு நிண்டனான். கண்ணன் காலடியிலை விளையாடினவன். ‘என்னப்பா?’ எண்டு கேட்டான். நான் ‘அங்கை பார்’ எண்டு காட்டினனான்.”

கையைத் தூக்கிக் காட்டினார். எப்படிக் காட்டினார் என்பதைக் காட்டினார். சுட்டுவிரல், நீட்டிய கை, மேல்நோக்கி. கை அப்படியே நின்றது. கயல்தான் அதைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டாள்.

“நீ பல்கனியிலை நிண்டு காட்டேக்கை எனக்கு அந்தக் கை தெரியும். உன்னிலை எனக்குக் கோபம் ஒருநாளும் இல்லை பிள்ளை. பயம்.”

“அப்பா.”

“நீ படிச்சனி. உதை உன்னட்டைத்தான் கேட்கலாம். வேறை ஒருத்தருக்கும் தெரியாது. நான் ‘அங்கை பார்’ எண்டதுக்குப் பதிலா ‘ஓடு’ எண்டு சொல்லியிருந்தால், அவன் பங்கருக்குள்ளை போயிருப்பானோ? நேரம் இருந்ததோ?”

பாட்டு முடிந்து கைதட்டினார்கள். 

கயல் முகத்தைத் துடைத்தாள். பிறகு கேட்கத் தொடங்கினாள். கொட்டகையில் என்னோடு கதைத்த அதே குரல். கோயில் எவ்வளவு தூரம்? திரும்பினபோது கோபுரத்துக்கு மேலேயா, அங்காலையா? பனையைவிட எத்தனை மடங்கு உயரம்? திரும்பின பிறகு நேரே வந்ததா, வளைத்து வந்ததா? சத்தம் முதலில் கேட்டதா, குண்டு முதலில் விழுந்ததா? அவர் ஒவ்வொன்றுக்கும் யோசிக்காமல் விடை சொன்னார். கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது.

“காணாது அப்பா,” என்றாள்.

“என்ன?”

“நேரம் காணாது. திரும்பினால் அது சரியான கெதி. நீங்கள் சொல்லி, அவன் விளங்கி, எழும்பி ஓட… காணாது. ஆராலும் ஏலாது.”

“கணக்குப் பார்த்துத்தான் சொல்லுறியோ?”

“நான் உதைத்தானே அப்பா படிச்சனான்.”

 அவர் தலையை இரண்டு மூன்று தரம் ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “ரோல்ஸ் இருக்கோ பார்,” என்றார். “பசிக்குது.”

நான் போய் எடுத்துவந்தேன். ஆஸ்பத்திரியில் கஞ்சிக்கே முகம் திருப்பும் மனுஷன், அந்தச் சின்னக் கதிரையில் இருந்து இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார். மூன்றாவதை மகளுக்குப் பிய்த்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் கதைத்தார்கள். மழைகாலம் முழுக்கவும், பனி முழுக்கவும். ஒருநாள் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அந்தக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். அவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ளை எத்தினை பேர்?” என்று கேட்டாராம். ஒருவர்தான் என்றாளாம். “பாவம்,” என்றாராம். ஒஸ்லோவில் பனி உருகிச் சாலையோரக் குப்பை எல்லாம் வெளியே தெரிகிற அந்த அசிங்கமான வாரத்தில் போய்ச் சேர்ந்தார். கயல் பக்கத்தில் இருந்தாள்.

சிவப்பு விளக்கு

அன்று மாலைக்குத் திரும்புகிறேன்.

குணமண்ணையையும் வசந்தியக்காவையும் செல்வா தன் காரில் ஏற்றிப் போனார். படம் பிழை என்று கயல் அவரிடம் சொல்லியிருந்தாள். மனுஷன் வெளிறிப்போய், பதாகையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கார் தரிப்பிடம் முழுக்க அலைந்தார்.

கயல் என் காரில் வந்தாள். மடியில் பொன்னாடை. வைப்பர் போய்வந்துகொண்டிருந்தது. ட்வெய்ட்டா கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது. நிறுத்தினேன்.

“மாமா, அந்தப் பங்கர் நீங்களும் சேர்ந்து வெட்டினதுதானே?”

“ஓம். நானும் குணமண்ணையும்.”

“அப்பா நிண்ட இடத்துக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம்?”

வகுப்பறையில் அவள் எல்லாம் கேட்டாள். இதை மட்டும் அவரிடம் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பங்கரின் வாய் எங்கே இருக்க வேண்டும் என்று நானும் அவரும் பெரிய வாக்குவாதப்பட்டோம். இரண்டு கொட்டிலுக்கும் நடுவில் வெட்டுவோம் என்றேன் நான். கண்ணன் தனியே என்றாலும் ஓடிவந்து இறங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் அவர்களுடைய வாசலோடு ஒட்டித்தான் வெட்டினோம். பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை வைத்து மூடினோம். கண்ணன் நாள் முழுக்க அதற்குள் பாய்வதும் ஏறுவதுமாக இருப்பான். அவனுக்கு அது விளையாட்டு. வாசலில் நின்று கையைத் தட்டினால், தட்டின சத்தம் ஓய முதல் உள்ளே இருப்பான்.

“பெரிய முற்றம் பிள்ளை,” என்றேன்.

“எவ்வளவு பெரிசு?”

கடைத்தொகுதியின் கார் தரிப்பிடம் மழையில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. நான் அதைக் காட்டினேன்.

“உவ்வளவு இருக்கும்.”

அவள் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். தள்ளுவண்டிகள் நிற்கிற இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தாள்.

“நாலு வயசுப் பிள்ளைக்கு அது தூரம்தான்,” என்றாள்.

“தூரம் பிள்ளை.”

அவள் என்ஜினியர். ஒருவர் இரங்கிக் கொடுத்த காணித்துண்டில் இரண்டு கொட்டில் போட்டிருந்தோம் என்ற கதையைச் சோற்றோடு கேட்டு வளர்ந்தவள். இடம்பெயர்ந்து வந்தவனுக்கு ட்வெய்ட்டா கார் தரிப்பிடம் அளவில் முற்றம் கிடைத்திருக்காது என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை.

“தாக், மாமா,” என்றாள். நன்றி என்று அர்த்தம்.

பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். இந்த ஊரில் லேசில் அடிக்கமாட்டார்கள். விளக்கு பச்சையாகி நேரமாகியிருக்க வேண்டும்.